வீட்டிலேயே சர்க்யூட் போர்டு தயாரிப்பது எப்படி? அயர்ன் பாக்ஸும் லேசர் பிரிண்ட்டும் போதுமா? எங்கே கவனம் தேவை?

மொட்டை மாடி தண்ணீர் டேங்க் நிரம்பி வழியப் போகிறது என்றால் கீழே வீட்டுக்குள் கூவுகிற ஒரு சின்ன அலாரம். ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான். பிரெட்போர்டில் செருகிப் பார்த்தால் அருமையாக வேலை செய்யும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதற்குள் ஏதோ ஒரு ஒயர் கழன்றுவிடும். எந்த ஒயர் என்று தேடுவதிலேயே ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

கல்லூரி புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் முதல் பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸில் இறங்கியவர்கள் வரை பலரும் சந்திக்கும் பிரச்னை இது. இதற்கான தீர்வு பிசிபி எனப்படும் அச்சிட்ட சர்க்யூட் போர்டு. தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுக்காமல், வீட்டில் இருக்கும் அயர்ன் பாக்ஸை வைத்தே ஒரே மதியத்தில் இதைச் செய்துவிட முடியும். ஆனால், செய்து முடித்த பிறகு மிச்சமிருக்கும் கெமிக்கலை என்ன செய்வது என்பதைப் பற்றி யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. அதையும் சேர்த்தே பார்க்கலாம்.

பிசிபி என்றால் என்ன?

மின்சாரம் கடத்தாத ஒரு தட்டு. அதன் மேல் மெல்லிய செம்புத் தகடு ஒட்டப்பட்டிருக்கும். வேண்டிய இடத்தில் மட்டும் செம்பை விட்டுவிட்டு மற்ற இடங்களில் கரைத்து எடுத்துவிட்டால், மிச்சம் இருக்கும் செம்புக் கோடுகளே ஒயர் வேலையைச் செய்யும்.

இந்த யோசனையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவராக பால் ஐஸ்லர் அறியப்படுகிறார். வியன்னாவில் பிறந்த பொறியாளரான இவர், 1936-ல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து, அங்கே அச்சிட்ட சர்க்யூட்டைக் கொண்ட ரேடியோ ஒன்றை உருவாக்கினார். அதுவரை ரேடியோவுக்குள் ஒவ்வொரு ஒயரையும் ஆட்கள் உட்கார்ந்து கையால்தான் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடையில் 'காப்பர் கிளாட் போர்டு' என்று கேட்டால் இந்தத் தட்டு கிடைக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளிலும் ஆன்லைனிலும் விற்கிறார்கள். இதில் இரண்டு வகை முக்கியம். பழுப்பு நிறத்தில் இருப்பது பேப்பரும் பினாலிக் ரெசினும் சேர்ந்தது. விலை குறைவு, துளை போடுவது சுலபம். லேசான பச்சை அல்லது மஞ்சள் சாயலில் ஒளி ஊடுருவுவது போல இருப்பது எஃப்ஆர்4. அது கண்ணாடி இழை போர்டு, உறுதியானது. வழக்கமான தடிமன் 1.6 மி.மீ. மேலே இருக்கும் செம்பின் தடிமன் பொதுவாக 35 மைக்ரான், அதாவது 1 மி.மீ-ல் சுமார் முப்பதில் ஒரு பங்கு. முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் செம்பு உள்ள பழுப்பு போர்டே போதும்.

முதலில் டிசைன்

பேப்பரில் பென்சிலால் வரைந்தும் செய்யலாம். ஆனால் கம்ப்யூட்டர் இருந்தால் கீகேட் மென்பொருள் நல்ல தேர்வு. முழுக்க இலவசம். பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் ழான்-பியர் ஷாரா என்பவர் 1992-ல் தொடங்கியது. பின்னாளில் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னும் இதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. முன்பு பலரும் பயன்படுத்திய ஈகிள் மென்பொருளுக்கான ஆதரவை 2026 ஜூன் 7-ம் தேதியோடு நிறுத்துவதாக ஆட்டோடெஸ்க் அறிவித்ததால், புதிதாகக் கற்பவர்கள் அதைத் தொடங்குவதில் அர்த்தமில்லை.

கோடுகளின் அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 35 மைக்ரான் செம்பில் 1 ஆம்பியர் மின்னோட்டத்துக்கு சுமார் 0.3 மி.மீ. அகலமே போதும் என்கிறது தொழில்துறை கணக்கு. ஆனால் வீட்டில் அயர்ன் செய்து எடுக்கும் 0.3 மி.மீ. கோடு எங்காவது ஒரு இடத்தில் அறுந்துதான் நிற்கும். 0.8 முதல் 1 மி.மீ. வைத்துக்கொண்டால் நிம்மதி. கால்களைச் சாலிடர் செய்யும் வட்டங்களையும், அதாவது பேடுகளையும், மென்பொருள் கொடுக்கும் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொள்ளுங்கள். துளை சற்று விலகிப் போனாலும் சமாளிக்கலாம்.

இன்னொரு விஷயம். கோடுகளுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தை எல்லாம் கரைத்து எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த இடத்தைச் செம்பாகவே விட்டு, பேட்டரியின் நெகட்டிவ்வோடு இணைத்துவிடலாம். 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள ஒரு போர்டில் இருக்கும் செம்பின் எடை சுமார் 3 கிராம். ஒவ்வொரு கிராம் செம்பைக் கரைக்கவும் கணக்குப்படி சுமார் 5 கிராம் நீரற்ற ஃபெரிக் குளோரைடு செலவாகும். குறைவாகக் கரைத்தால் கெமிக்கலும் மிச்சம், கடைசியில் சேரும் கழிவும் குறைவு.

பிரிண்ட் எடுக்கும்போது நடக்கும் பெரிய தவறு

வீட்டில் செய்பவர்கள் அதிகம் நம்புவது 'டோனர் டிரான்ஸ்ஃபர்' முறையைத்தான். லேசர் பிரிண்டரில் வரும் கருப்பு, மை அல்ல. அது சூட்டில் உருகும் பிளாஸ்டிக் தூள். அதைப் பேப்பரிலிருந்து மறுபடியும் உருக்கிச் செம்பின் மேல் ஒட்டவைத்தால், அதன் அடியில் இருக்கும் செம்பை கெமிக்கல் தொடாது. இன்க்ஜெட் பிரிண்ட் இதற்கு உதவவே உதவாது. ஜெராக்ஸ் கடைக்குப் போனால், "அண்ணா, இது லேசர் பிரிண்ட்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பேப்பர் வழவழப்பாக இருக்க வேண்டும். வார இதழ்களின் உள்பக்கம், பளபளப்பான விளம்பர நோட்டீஸ் போன்றவை நன்றாகவே வேலை செய்கின்றன. இன்க்ஜெட்டுக்கான பிளாஸ்டிக் பூச்சுள்ள போட்டோ பேப்பரை லேசர் மெஷினில் விட வேண்டாம். உள்ளே உருகி ஒட்டிக்கொண்டால் கடைக்காரருக்குத்தான் நஷ்டம்.

இப்போது அந்தத் தவறு. பேப்பரில் இருப்பது செம்பின் மேல் கவிழ்த்து ஒட்டப்படுகிறது. அதனால் இடம் வலமாகவும், வலம் இடமாகவும் மாறும். "அப்போ பிரிண்ட் எடுக்கும்போதே மிரர் பண்ணிடணும்" என்று பலர் நினைக்கிறார்கள். பாதி சரி, பாதி தவறு. மென்பொருளில் கீழ்ப்பக்க லேயரில் கோடு போட்டிருந்தால், திரையில் தெரிவதே மேலிருந்து போர்டை ஊடுருவிப் பார்க்கும் காட்சிதான். அதை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கவிழ்த்தால் சரியாக வந்துவிடும். மிரர் செய்தால் கெட்டது. மேல்பக்க லேயரில் கோடு போட்டிருந்தால்தான் மிரர் தேவை.

குழப்பமாக இருந்தால் ஒரு எளிய வழி இருக்கிறது. கோடுகள் இருக்கும் அதே லேயரில், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நேராகப் படிக்கும்படி ஒரு பெயரை எழுதி வையுங்கள். பிரிண்ட் எடுத்த பேப்பரில் அது கண்ணாடியில் பார்ப்பது போலத் தலைமாறித் தெரிய வேண்டும். பேப்பரிலேயே நேராகப் படிக்க முடிந்தால், அயர்ன் பாக்ஸைத் தொடாதீர்கள்.

ஒருவேளை தவறாகவே செய்து முடித்துவிட்டால்? பிசி547 போன்ற மூன்று கால் டிரான்சிஸ்டர் என்றால் பிழைத்தீர்கள். அதைத் திருப்பிப் போட்டால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறிச் சரியாகிவிடும். 8 கால் உள்ள 555 டைமர் ஐசி என்றால் திருப்பியும் பயனில்லை. செம்பு இருக்கும் பக்கத்திலேயே வைத்துச் சாலிடர் செய்ய வேண்டியதுதான். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

பிரிண்ட் செட்டிங்கில் அளவு 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற ஆப்ஷன் டிக் ஆகியிருந்தால் படம் சிறிதாகிவிடும். பேப்பர் வந்ததும் அதன் மேல் ஐசியை வைத்துப் பாருங்கள். கால்களுக்கு நடுவே 2.54 மி.மீ. இடைவெளி. எட்டு கால்களும் வட்டங்களில் உட்கார்ந்தால் சரி.

அயர்ன் பாக்ஸ் வேலை

செம்பின் மேல் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால்கூட டோனர் ஒட்டாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் ஸ்க்ரப்பராலோ மெல்லிய உப்புத்தாளாலோ தேய்த்து, கழுவி, துடைத்து, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஓரத்தை மட்டும்தான் பிடிக்க வேண்டும்.

பிரிண்ட் பக்கம் செம்பைத் தொடும்படி பேப்பரைக் கவிழ்த்து வைத்து, அயர்ன் பாக்ஸைக் காட்டன் அளவில் வைத்து அழுத்துங்கள். நீராவி வேண்டாம். மேலே ஒரு வெள்ளைத்தாள் இருந்தால் நல்லது. சட்டையைத் தேய்ப்பது போல இழுத்தால் டோனர் கலைந்துவிடும். முதல் அரை நிமிடம் அசையாமல் அழுத்தி, பிறகு ஓரங்களை ஒவ்வொன்றாக அழுத்தி, மொத்தம் 3 முதல் 5 நிமிடம். ஓரங்களில்தான் பெரும்பாலும் ஒட்டாமல் போகிறது.

ஆறிய பிறகு தண்ணீரில் போட்டு பத்து, பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். பேப்பர் கூழாகிவிடும். கட்டைவிரலால் மெதுவாக உருட்டினால் வந்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் கோடும் கூடவே வரும். இங்கேதான் எல்லோருக்கும் பொறுமை போகிறது. ஓரிரு இடத்தில் கோடு விட்டுப்போயிருந்தால் சிடி மார்க்கரால் தொட்டுவிடலாம். பாதிக்கு மேல் போயிருந்தால், அசிட்டோனால் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே நேரம் மிச்சம்.

செம்பைக் கரைப்பது எப்படி?

இதற்கு வழக்கமாகப் பயன்படுவது ஃபெரிக் குளோரைடு. கரைசல் அடர் பழுப்பு நிறத்தில் இருக்கும். செம்பு பட்டதும், ஃபெரிக் குளோரைடு ஃபெரஸ் குளோரைடாக மாறி, செம்பு காப்பர் குளோரைடாகக் கரைசலுக்குள் போய்விடுகிறது.

கரைசல் தயாரிக்கும்போது ஒரு விதி. தண்ணீரில் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பவுடர் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போது நன்றாகச் சூடாகும், நெடியும் வரும். 100 கிராம் பவுடருக்கு 200 முதல் 250 மி.லி. தண்ணீர் என்பது வீட்டில் செய்பவர்கள் பின்பற்றும் அளவு. பிளாஸ்டிக் டப்பா மட்டுமே பயன்படுத்த வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரமே அரித்துப்போகும். எவர்சில்வரும் தப்பாது. சமையலறை சிங்க்கும் எவர்சில்வர்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

போர்டை உள்ளே போட்டு டப்பாவை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தால் 10 முதல் 30 நிமிடத்தில் வேலை முடியும். டப்பாவை வெந்நீர் நிரம்பிய பெரிய பாத்திரத்தில் வைத்தால் வேகம் கூடும். கரைசலை அடுப்பில் வைத்துச் சூடாக்குவது கூடவே கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்துப் பார்க்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்' என்று விட்டுவிட்டு டிவி பார்க்கப் போனால், கெமிக்கல் டோனருக்கு அடியில் பக்கவாட்டில் புகுந்து கோடுகளை மெலிதாக்கிவிடும்.

கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பழைய துணி போட்டுக்கொள்வது நல்லது. இதன் கறை சட்டையிலும் தரையிலும் பட்டால் லேசில் போகாது. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சில வீடியோக்களில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஒரே நிமிடத்தில் செம்பைக் கரைத்துக் காட்டுகிறார்கள். வேகம் உண்மைதான். அதில் குளோரின் வாயு வெளியேற வாய்ப்பு உண்டு என்பதும் உண்மை. மூடிய பாத்ரூமில் அதைச் செய்து பார்ப்பது விளையாட்டல்ல.

கூல் டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கலாமா?

கூடாது. வேலை முடிந்ததும் மிச்சக் கரைசலைக் கையில் கிடைக்கும் பழைய கூல் டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிவைப்பது சாதாரணமாக நடக்கிறது. பழுப்பு நிறக் கரைசல், பழக்கமான பாட்டில். வீட்டில் குழந்தை இருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இது தோலையும் கண்ணையும் அரிக்கக்கூடியது. விழுங்கினால் வாய், தொண்டை, வயிறு எல்லாம் புண்ணாகும். கெமிக்கல் வந்த அதே பாட்டிலிலோ, குடிக்கும் பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத தடித்த பிளாஸ்டிக் கேனிலோ ஊற்றி, பெரிய எழுத்தில் பெயர் எழுதி, எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், கெமிக்கலின் பெயரைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஒரே கரைசலைப் பல போர்டுகளுக்குப் பயன்படுத்தலாம். பச்சை சாயல் ஏறி, அரை மணி நேரம் தாண்டியும் செம்பு கரையவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது. அப்போது டாய்லெட்டிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஃபெரிக் குளோரைடே கழிவுநீர் சுத்திகரிப்பில் பயன்படுகிற பொருள்தான் என்று சிலர் வாதாடுவார்கள். அது புதிய ஃபெரிக் குளோரைடு. இதில் கரைந்திருக்கும் செம்புதான் பிரச்னை. மீனுக்கும் நீரில் வாழும் சின்ன உயிர்களுக்கும் கரைந்த செம்பு மிகக் குறைந்த அளவிலேயே விஷம்.

சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் கரைசல் நுரைத்துப் பொங்கும். பொங்குவது நிற்கும்வரை சேர்த்தால், செம்பும் இரும்பும் சேறாக அடியில் படியும். பெரிய டப்பாவில், திறந்த வெளியில் செய்ய வேண்டும். இதனால் அமிலத்தன்மை போகுமே தவிர, செம்பு எங்கும் மறைந்துவிடாது. அந்தச் சேற்றை உலரவைத்து, மூடி, பெயிண்ட் டப்பா, பழைய பேட்டரி போல வீட்டு அபாயக் கழிவாகத் தனியாகக் கொடுக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் என்றால், லேப் கழிவுகளோடு சேர்க்க முடியுமா என்று கெமிஸ்ட்ரி துறையில் கேட்பது சுலபம்.

துளை, சாலிடர், சோதனை

ரெசிஸ்டர், ஐசி கால்களுக்கு 0.8 மி.மீ. துளை போதும். கொஞ்சம் தடித்த கால்களுக்கு 1 மி.மீ. ஒயர் மாட்டும் ஸ்க்ரூ டெர்மினலுக்கு 1.2 மி.மீ. வேண்டியிருக்கும். சின்ன டிசி மோட்டார் டிரில் கடைகளில் கிடைக்கிறது. டிரில் பிட்டைச் சாய்த்தால் உடைந்துவிடும், நேராக இறக்க வேண்டும். எஃப்ஆர்4 போர்டு என்றால் வருவது கண்ணாடி இழைத் தூள். மாஸ்க் போட்டுக்கொண்டு செய்துவிட்டு, தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

சாலிடர் செய்ய 25 வாட் அயர்ன் போதும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 60-40 சாலிடரில் 40 சதவீதம் ஈயம். அதனால் வேலை நடக்கும் மேஜையில் டீ, பஜ்ஜி எல்லாம் வேண்டாம். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். எழும் புகை பெரும்பாலும் ஃபிளக்ஸ் எரிவதால் வருவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. செம்புக் கோடுகள் மேல் மெல்லிதாகச் சாலிடர் பூசிவிட்டால் நாளடைவில் கருக்காது. மொட்டை மாடிக்குப் போகும் அலாரத்துக்கு இது அவசியம்.

பேட்டரி மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை பீப் ஒலி வரும் இடத்தில் வைத்து பாசிட்டிவ், நெகட்டிவ் கோடுகளைத் தொடுங்கள். பீப் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. போர்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கோடுகளுக்கு நடுவே கரையாமல் நிற்கும் முடி போன்ற செம்பு தெரியும். பிளேடு நுனியால் கீறிவிட்டால் போதும்.

இவ்வளவு சிரமம் தேவையா?

நியாயமான கேள்வி. சீன நிறுவனங்கள் 10 செ.மீ. அளவுள்ள போர்டுகளை ஐந்தாகச் சேர்த்துச் சில டாலருக்கே செய்து தருகின்றன. பச்சைப் பூச்சு, இரண்டு பக்கச் செம்பு, துளைகள், எழுத்துகள் எல்லாம் அதிலேயே வந்துவிடும். கூரியர், சுங்க வரி சேர்த்தால்தான் விலை தெரியும், காத்திருக்கவும் வேண்டும். இந்தியாவிலும் குறைந்த எண்ணிக்கையில் செய்து தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஐந்துக்கு மேல் வேண்டும், இரண்டு பக்கம் வேண்டும், நுண்ணிய ஐசி உட்கார வேண்டும் என்றால் ஆர்டர் கொடுப்பதே புத்திசாலித்தனம். வெறும் பத்து பாகங்கள்தான் என்றால் ஜீரோ பிசிபி எனப்படும் துளை போட்ட ரெடிமேட் போர்டில் ஒயரால் இணைத்தாலே முடிந்தது, கெமிக்கலே வேண்டாம். தண்ணீர் டேங்க் அலாரத்துக்கும் அது தாராளமாகப் போதும்.

ஆனால் திங்கட்கிழமை ரிவ்யூ, இன்று சனிக்கிழமை, டிசைன் சரியா என்று பார்த்தே ஆக வேண்டும் என்கிற நிலையில் அயர்ன் பாக்ஸ் முறைக்கு ஈடு இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் வீட்டு போர்டை நம்பக் கூடாது. 230 வோல்ட் வீட்டு மின்சாரம். மோட்டாரைத் தானாக ஆன், ஆஃப் செய்யலாமே என்று அடுத்த கட்டமாகப் பலருக்கும் ஆசை வரும். வீட்டில் செய்த போர்டில் பாதுகாப்புப் பூச்சு கிடையாது. கோடுகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸும் ஈரமும் மின்சாரத்துக்கு வழி விடலாம். பழுப்பு நிற பேப்பர் போர்டு ஈரத்தையும் உறிஞ்சும். பேட்டரியில் ஓடும் 9 வோல்ட் பகுதியை மட்டும் நீங்கள் செய்யுங்கள். மோட்டாரை இயக்கும் பகுதிக்குத் தரமான ரெடிமேட் ரிலே அல்லது கான்டாக்டரை வாங்கி, அதன் 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துக் கொடுங்கள்.